இரண்டாம் மேசைக்குப் போகாதவன்

1

சென்ற வியாழக்கிழமை வேலைத்தலத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். அந்தக் களஞ்சியத்தில் நான் சேர்ந்து பதினாறு வருடங்கள் முடிந்ததற்கான கேக். தேநீர் இடைவேளையில் எல்லோரும் சுற்றி நிற்க, எங்கள் சூப்பவைசர் என் தோளில் கைவைத்து ஏதோ பகிடி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்துப்பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. கேக் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு என் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றேன்.

அன்று பின்னேரம் மன்னாரிலிருந்து தங்கச்சி கதைத்தாள். கேக் வெட்டியதைச் சொன்னேன்.

"பதினாறு வருசமே! அப்ப இப்ப பெரிய ஆளா வந்திருப்பியள். என்னண்ணை முன்னேற்றம்?"

ஊரில் இருந்து எடுக்கிற எல்லோரும் கடைசியில் இந்தச் சொல்லுக்குத்தான் வருவார்கள். "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், இந்த வருடம் முன்னேற்றம் என்பதைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டை வைத்துத்தான். அதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் அண்ணனுக்குத் தலையில் ஏதோ பிழை என்று அவள் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருப்பாள். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும் என்று எழுதுகிறேன்.

2

நாங்கள் லண்டனின் தெற்குப் பக்கம், மிச்சம் என்கிற இடத்தில், கடைகளுக்கு மேலே இருக்கிற ஒரு பிளாட்டில் மூன்று பேர் இருக்கிறோம். மனைவி றோசி வயோதிபர் இல்லத்தில் வேலை. மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ்ப் பேப்பர் கிடைத்தால் விளம்பரம்வரை வாசிப்பேன். இங்கிலிஷ் காதுக்கு ஓரளவு வரும், ஆனால் நீளமாகச் சொன்னால் நடுவில் அறுந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் வராது. களஞ்சியத்தில் இலக்கங்களையும் பெட்டியின் நிறத்தையும் பார்த்துத்தான் சாமான் எடுக்கிறேன்.

இது றோசிக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாம் அவள்தான் பார்ப்பாள். ஜெனிக்குத் தெரியாது. நான் வெட்கப்படுகிற ஆள் என்பதால், பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தாலும், மாதா கோயிலில் இங்கிலிஷ் வாசகம் வாசிக்கக் கேட்டால் பின்வாங்கினாலும், 'அப்பா ஷை' என்றுதான் அவள் நினைத்து வளர்ந்தாள். அந்த வெட்கத்துக்குப் பின்னால் வாசிக்கத் தெரியாதது வசதியாக ஒளிந்திருந்தது.

தை மாதம் என் வலது முழங்கால் போய்விட்டது. பதினாறு வருடம் கைவண்டி இழுத்த கால். டொக்டர் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வீட்டில் இருக்கச் சொன்னார். மூன்றாம் நாளே எனக்கு விசர் பிடித்தது மாதிரி இருந்தது. ஜன்னலால் பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜெனி வந்தாள்.

"அப்பா, சும்மாதானே இருக்கிறீங்கள். எனக்கு ஒரு ஹெல்ப் செய்ய ஏலுமா?"

"என்ன பிள்ளை?"

"மரம் வெட்டோணும்."

3

அந்த விளையாட்டில் நீங்கள் ஒரு கடற்கரையில் கண் விழிக்கிறீர்கள். உடம்பில் துணி இல்லை. கையில் ஒரு கல் மட்டும் இருக்கிறது. பசிக்கிறது, குளிர்கிறது. கல்லால் மரத்தை அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக விறகு வரும். விறகும் கல்லும் சேர்ந்தால் ஒரு கல் கோடாலி. அதனால் அடித்தால் விறகு கூட வரும். அதை வைத்து ஒரு குடில், ஒரு பெட்டி, பிறகு ஒரு வேலை மேசை. முதல் மேசை இருந்தால் உலை செய்யலாம். உலை இருந்தால் இரும்பு உருக்கலாம். இரும்புக் கோடாலி வந்தால் ஒரு அடிக்கு மூன்று மடங்கு விறகு.

பிறகு இரண்டாம் மேசை. அதற்கு ஐந்து மடங்கு சாமான் வேண்டும். கருவி நல்லதாக நல்லதாக, அடுத்தது கேட்கிற அளவும் கூடிக்கொண்டே போகும். ஆகவே மரத்தடியில் நிற்கிற நேரம் குறைவதில்லை. இப்படி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பிள்ளைகள் 'கிரைண்ட்' என்று சொல்வார்கள்.

"அப்பா கிரைண்ட் பண்றார், டிஸ்டர்ப் பண்ணாதீங்கோ" என்று ஜெனி சொல்ல, குசினிக்குள் இருந்து றோசி கத்தினாள்:

"உழுந்து ஊறி ரெண்டு நாளாகுது. அதை ஆர் கிரைண்ட் பண்றது? அம்பத்திரண்டு வயசில கொம்பியூட்டருக்குள்ள மரம் தறிக்கிறார். வீட்டில ஒரு பல்ப் மாத்த ஆளில்லை."

ஜெனியோடு அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேர் விளையாடினார்கள். ஹோதான் என்கிற சோமாலியப் பிள்ளை, ஒலா என்கிற போலந்துப் பிள்ளை. மூவரும் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் நான் அந்தத் தீவில் தனியாக நிற்பேன். காலையில் தொடங்கி மத்தியானம்வரை மரம், பிறகு கல், பிறகு இரும்பு. நாலு மணிக்கு அவர்கள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். எல்லாம் நிரம்பி இருக்கும். களஞ்சியப் பழக்கத்தில் பாரமானது கீழே, பழையது முன்னுக்கு என்று அடுக்கியும் வைத்திருப்பேன். ஜெனியின் கொம்பியூட்டருக்குள் இருந்து அந்தப் பிள்ளைகளின் குரல் கேட்கும்: "அங்கிள் இஸ் எ மெஷின்!" பக்கத்து அறையில் இருந்துகொண்டு நான் தனியாகச் சிரிப்பேன். வேலைத்தலத்தில் என்னை யாரும் அப்படிச் சத்தமாகச் சொன்னதில்லை.

ஆனால் நான் முதல் மேசையோடு நின்றுவிட்டேன். முதல் மேசையில் எல்லாம் படம். கோடாலி என்றால் கோடாலி. இரண்டாம் மேசையில் சாமான்கள் எல்லாம் ஒரே மாதிரி இரும்புத் துண்டுகள். கீழே உள்ள எழுத்தை வாசித்தால்தான் எது எது என்று தெரியும்.

"அப்பா, ஏன் நீங்கள் லெவல் அப் பண்ணேல்ல? உங்களிட்ட எல்லாம் இருக்கே."

"எனக்கு இது போதும் பிள்ளை."

"ஹூ சேஸ் தட்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

4

'இது போதும்' என்பது என் தகப்பனாரின் வார்த்தை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கும் படிகள் இருந்தன. முதலில் தறப்பாள், பிளாஸ்டிக் விரிப்பு. நாலு தடியும் கயிறும் போதும். பிறகு பின்னிய தென்னோலைக் கிடுகு வாங்கி வேய்வோம். நிலைமை கொஞ்சம் நிமிர்ந்தால் தகரம். தகரம் போட்ட அடுத்த மாதம் ஷெல் வரும். தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. புது இடத்தில் மறுபடி தறப்பாள். மூன்று முறை தகரம்வரை வந்து மூன்று முறையும் விட்டுவிட்டு ஓடினோம். நாலாவது இடத்தில் அம்மா கிடுகைப் பற்றிக் கதை எடுத்தபோது ஐயா தறப்பாளின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "இது போதும்," என்றார். மழைக்கு ஒழுகியது.

நான் லண்டனுக்கு வந்த பிறகு கடதாசிகளுக்கும் படி இருந்தது. முதலில் படம் ஒட்டிய ஒரு அட்டை, பிறகு ஆறு மாதக் கடிதம், பிறகு ஐந்து வருட விசா, பிறகு நிரந்தர விசா. ஒவ்வொன்றுக்கும் முந்தியதைவிடக் கூடக் கேட்டார்கள். அதற்கு மேலே பாஸ்போர்ட் இருக்கிறது, அதற்கு இங்கிலிஷ் சோதினை இருக்கிறது. றோசி எடுத்துவிட்டாள். ஜெனி பிறக்கும்போதே எடுத்துவிட்டாள். நான் நிரந்தர விசாவின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

5

ஐந்தாவது கிழமை சூப்பவைசர் என்னைக் கந்தோருக்கு, தன் அலுவலக அறைக்கு, கூப்பிட்டார். கானா நாட்டு மனிதர், நல்லவர், ஆனால் வேகமாகக் கதைப்பார். என் டொக்டரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். முழங்கால், தூக்கக்கூடாது, மாத முடிவு என்று துண்டு துண்டாக விளங்கியது. கடைசியில் புருவத்தை உயர்த்தினார். கேள்வி என்று தெரிந்தது. நான் "யெஸ்" என்றேன். அவர் சந்தோஷமாக என் கையைக் குலுக்கினார்.

வெளியில் நிற்கிறவர்களுக்கு இது விசர்த்தனமாகத் தெரியும். விளங்காவிட்டால் 'நோ' என்று சொல்லலாமே என்று கேட்பார்கள். 'நோ' சொன்னால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். 'யெஸ்' சொன்னால் கதை முடிந்துவிடும். இங்கே வந்த என்னைப் போன்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வாசலில் வந்து நிற்கும் விற்பனைக்காரனுக்கு யெஸ், ஆஸ்பத்திரித் தாதிக்கு யெஸ். ஒருமுறை எனக்கு மீன் ஒத்துவராது என்று கோப்பில் எழுதிவிட்டார்கள், மீன் தின்று வளர்ந்த மன்னாரானுக்கு.

எங்கள் களஞ்சியத்தில் போர்க்லிப்ட் என்கிற பாரம் தூக்கும் வண்டியை ஓட்டுகிற சந்திரன் அண்ணை அன்று பின்னேரம் போன் எடுத்தார்.

"அந்தோனி, நீ பெரிய ஆள்தான். ஒருத்தருக்கும் சொல்லாமல் செய்துபோட்டாய்."

"என்னண்ணை செய்தனான்?"

"போர்க்லிப்ட் சோதினைக்கு ஓம் எண்டிட்டியாமே. இன்னும் மூண்டு கிழமை. எழுத்துச் சோதினை முதல், அது பாஸ் பண்ணினால்தான் ஓட விடுவினம்."

"பாஸ் பண்ணாட்டி?"

"பாஸ் பண்ணாட்டி என்ன, நீ பாரம் தூக்க ஏலாது. தூக்காத வேலை அங்க வேற இல்லை. மாத முடிவோட நிப்பாட்டிப்போடுவினம். அதைத்தானே அவர் உனக்கு விளக்கமாச் சொன்னது?"

"ஓம் ஓம், சொன்னவர்," என்றேன்.

சந்திரன் அண்ணைக்கும் நான் யெஸ்தான்.

றோசிக்கு அதைச் சொல்லவில்லை. ஜெனிக்குச் சொல்ல வழியில்லை. அடுத்த நாள் காலை அவர்கள் இருவரும் வெளியே போனதும் போய் உட்கார்ந்து மரம் வெட்டத் தொடங்கினேன். பெட்டிகள் நிரம்பிவிட்டன. புதுப் பெட்டி செய்து அதையும் நிரப்பினேன். யாருக்கும் தேவையில்லாத அளவு கல். அங்கே நிற்கும்வரை வேறு ஒன்றையும் யோசிக்கத் தேவையில்லை.

6

நாலாவது நாள், பகல் பதினொரு மணி இருக்கும். தீவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அங்கே கட்டியிருந்த கோட்டையின் இரும்புக் கதவுக்கு வெளியே, வேறெங்கோ இருந்து விளையாடுகிற ஒருவன் வந்து நின்றான். கையில் ஆயுதம் இல்லை. திரையின் ஓரத்தில் அவன் எழுதியது ஒரு வரி வந்தது. கடைசியில் கேள்விக்குறி.

நான் எழுத்துக் கூட்டி அழுத்தினேன்: யெஸ்.

இன்னொரு வரி. கேள்விக்குறி. யெஸ். மூன்றாவது வரி. யெஸ். அவன் அங்கேயே பனியில் நின்றான். நடுங்குகிற மாதிரிக் காட்டினார்கள். வாசலில் வந்தவனை வெளியே நிறுத்தி வைத்துக் கதைக்க எனக்கு ஒருமாதிரி இருந்தது. கதவைத் திறந்து, சுட்ட இறைச்சி இரண்டு துண்டை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

அவன் இறைச்சியை எடுத்தான். பிறகு பாறைக்குப் பின்னால் இருந்து இன்னும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். என்னைக் கொன்று போட்டார்கள். நான் கடற்கரையில் உடுப்பில்லாமல், கல்லோடு எழும்பினேன். திரும்பி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி ஒன்றும் இல்லை, உலை இல்லை, பிள்ளைகளின் இரண்டாம் மேசையும் இல்லை. கதவு மட்டும் திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஜெனி வந்தாள். குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, வட் ஹப்பண்ட்?"

"ஒருத்தன் வந்தவன்."

அவள் பழைய வரிகளைத் தேடி மேலே உருட்டினாள். வாசித்தாள். வாய் விட்டுச் சிரித்தாள்.

"அப்பா! அவன் கேக்கிறான், 'நீ தனியவா இருக்கிறாய்?' நீங்கள் யெஸ் எண்டிருக்கிறீங்கள். 'மற்ற ஆக்கள் எல்லாம் வெளியிலயா?' யெஸ். 'உள்ள நிறையச் சாமான் இருக்கா?' யெஸ்! அப்பா, கள்ளனுக்கு இப்பிடி ஹெல்ப் பண்ணின ஆளை நான் பாத்ததில்லை."

நானும் சிரிக்கப் பார்த்தேன். அவளுடைய சிரிப்பு நடுவில் நின்றது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதை ஒருக்கா வாசியுங்கோ, அப்பா."

"கண்ணாடி குசினிக்குள்ள பிள்ளை."

"கண்ணாடி உங்கட மூக்கில இருக்கு."

நான் எழும்பினேன். கடைக்குப் போகவேணும், பால் இல்லை என்றேன். கால் மடங்காமல் கதவுவரை போய்ச் சேர நேரம் எடுத்தது. அதற்குள் அவள் வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். போக வழியில்லை.

சொன்னேன். ஐந்தாம் வகுப்பு, கடிதங்கள், கோயில் வாசகம், கந்தோர், சோதினை, மாத முடிவு. எல்லாவற்றையும் சப்பாத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும்?"

"வாசிக்கத் தெரியாதது தெரியும். சோதினை தெரியாது."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

நான் நொண்டிக்கொண்டு திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு ஹோதானும் ஒலாவும் கோட்டைக்கு என்ன நடந்தது என்று கேட்டபோது, கதவைத் தான்தான் பூட்ட மறந்ததாக அவள் அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவர்கள் அவளை நன்றாக ஏசினார்கள்.

7

அடுத்த நாளில் இருந்து சோதினைக்கான புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "இருபது சொல் ஒரு மேசை," என்றாள். பாரம், உயரம், பிரேக், சரிவு, ஆட்கள் நடக்கிற வழி. குசினி முழுவதும் சொற்களை ஒட்டினாள். றோசியிடம் நானே சொன்னேன். "அண்டைக்குச் சொல்லியிருந்தால் நாலு நாள் கூடக் கிடைச்சிருக்கும்," என்று மட்டும் சொல்லி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னாள்.

மீதி இருந்த இரண்டு கிழமையில் நாலு மேசை தாண்டினேன். தனிச் சொல்லாக வந்தால் பிடித்துவிடுவேன். வசனமாக வந்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

சோதினை களஞ்சியத்தின் மேல் அறையில். ஆறு பேர். பயிற்சி கொடுக்க வெளியில் இருந்து வந்தவர் என் வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கேள்வித்தாளில் எனக்குத் தெரிந்த சொற்கள் அங்கங்கே, கூட்டத்தில் தெரிந்த முகங்கள் மாதிரி நின்றன. பாதி நேரம் போனபோது ஐந்து கேள்விதான் செய்திருந்தேன். மற்றவர்கள் தாள் திருப்புகிற சத்தம் கேட்டது.

அவர் என் பக்கத்தில் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். கேள்வி என்று தெரிந்தது. என் வாய் வழக்கமான சொல்லுக்குத் தயாராகிவிட்டது. ஏன் என்று தெரியாது, கதவில் சாய்ந்து நின்ற ஜெனியின் முகம் வந்தது. "ரீடிங், நோ," என்றேன். அவ்வளவுதான் வந்தது. அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "ஓ, அப்ப நான் வாசிக்கிறேனே," என்கிற மாதிரி ஏதோ சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார். நான் விரலால் விடையைக் காட்டினேன். பதினாறு வருடம் கண்ணால் பார்த்த வேலைதானே, கேள்வி காதில் விழுந்ததும் விடை தெரிந்தது. எல்லாம் முடியக் கால்மணி நேரம் எடுத்தது. இரண்டு பிழைதான், பாஸ்.

கீழே வந்ததும் சூப்பவைசர் கையைக் குலுக்கினார். பிறகு, "வாசித்துக் காட்ட ஆள் கேட்கலாம் என்று உனக்குத் தெரியாதா?" என்றார். இது விளங்கியது. எனக்குப் பிறகு வேலைக்கு வந்து, எனக்கு முன்னால் போர்க்லிப்டில் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஆறு பேர். அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார்.

வீட்டில் றோசி என் நெற்றியில் சிலுவை போட்டாள். ஜெனி மட்டும் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப வாசிச்சுக் காட்டச் சொல்லி முதலே கேட்டிருக்கலாம்? ஃபுல் டைமும்?"

"ஓம்."

"அப்பா," என்றாள். என் முழங்காலுக்கு ஐஸ் கட்டி எடுத்துவந்து தந்தாள்.

8

இப்போது உட்கார்ந்தபடி வேலை செய்கிறேன். கைவண்டியில் ஒரு ஷிப்டுக்குச் சாமான் அடுக்கிய நாற்பது பலகை இழுத்தேன். போர்க்லிப்டில் நூற்றிருபது கேட்கிறார்கள். தலைக்கு மேலே கம்பிக் கூடு, இரண்டு பக்கமும் அதே தட்டுகள், அதே வழி. தங்கச்சி கேட்ட முன்னேற்றம் இதுதான். பிள்ளைகளுக்குச் சோதினைக் காலம் என்பதால் தீவுக்கு ஒருவரும் வருவதில்லை. நான் சனிக்கிழமைகளில் போய் இரண்டாம் மேசையைச் சொந்தமாகச் செய்து முடித்தேன். அது மூன்றாம் மேசைக்குத் தேவையானதைக் காட்டியது. வாசித்தேன், மெதுவாக. நீளமான பட்டியல்.

கேக் வெட்டிய அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, ஒரு புது ஆள் வேலைக்கு வந்தார். சூடான் பக்கத்து மனிதர், நாற்பது தாண்டியிருக்கும். என்னுடைய பழைய கைவண்டியைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். சூப்பவைசர் மூன்று திசையில் கைநீட்டி நீளமாக விளக்கினார். புது ஆள் சிரித்தபடி தலையாட்டினார். யெஸ், யெஸ், யெஸ். சூப்பவைசர் போன பிறகு அவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாராவது அசைந்தால் பின்னால் போகலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் இறங்கிப் போயிருக்கவேண்டும். என் போர்க்லிப்டின் முள்ளுக்கம்பிகளில் ஒரு பலகைச் சாமான் தூக்கியபடி இருந்தது. பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் அவரிடம் போகலாம் என்று இருக்கிறேன். விளங்காவிட்டால் கேள், கேட்கலாம், ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சொல்லவேண்டும். அதை இங்கிலிஷில் எப்படிச் சொல்வது என்று ஜெனியிடம் கேட்டு, பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் சொல்வது அவருக்கு விளங்காவிட்டால் அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.